சுபம் போடாத படம்

சினிமா பார்த்துக் கெட்டுப்போனவள் என்று என் புருஷன் வீட்டு வகையறாவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாண வீடோ எழவு வீடோ, எங்கே பொம்பளைகள் கூடினாலும் யாராவது ஒருத்தி அதை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தது மொத்தமே இரண்டு படம். அதையும் இரண்டு என்று சொல்ல முடியாது, ஒரே படத்தின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். இதற்கே இந்தப் பெயர் என்றால், படம் மாறும்போதெல்லாம் காரைக்குடிக்கு பஸ் ஏறினவளுகளை என்னவென்று சொல்வது?

முதல் பாகத்தை நான் அவரோடு பார்த்தேன். அறுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான புதுசு. குன்றக்குடிக்குப் போகிற ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். சொந்த நிலம், கிணறு, மாடு கன்று என்று குறைவில்லாத வீடுதான். ஆனால் மழை சரியாகப் பெய்யாத காலம். எங்களுக்குத் தெரிந்த ஒரு செட்டியார் வீட்டுக்குப் பினாங்கில் கடை இருந்தது, அங்கே ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சரி என்று சொல்லிவிட்டு வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தை ஆற்றத்தான் படத்துக்குக் கூட்டிப்போனார்.

அது ரகசியப் போலீஸ் படம். நாயகன் எந்நேரமும் தொப்பி வைத்திருப்பான், அதனால் எங்கள் பக்கத்தில் அவனுக்குத் தொப்பிக்காரன் என்றே பெயராகிவிட்டது. எதிரி நாட்டுக்காரர்கள் நம் அணையை உடைக்கப் பார்க்கிறார்கள், இவன் ஒண்டியாளாக நின்று தடுக்கிறான். பாறைக்குள் கதவு, பேனாவிலிருந்து புகை, மலைப்பாதையில் கார் துரத்தல். நான் பாதிப் படத்தை விரல் இடுக்கில்தான் பார்த்தேன். பொம்பளைகள் பக்கம் நான், ஆம்பளைகள் பக்கம் அவர், நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் விசில் அடித்தாலும் அவர் விசில் எனக்குத் தனியாகத் தெரியும். வயலில் நின்று அடித்தால் வீட்டுக் கொல்லையில் கேட்கிற விசில் அது.

கடைசியில் தொப்பிக்காரன் வெடிகுண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடுகிற ரயிலில் இருந்து பாலத்துக்குக் கீழே ஆற்றில் குதிக்கிறான். தண்ணீர் பனை உயரம் எழும்பி விழுகிறது. பிறகு தொப்பி மட்டும் மிதந்து போகிறது. படம் முடிந்தால் 'சுபம்' என்று போட வேண்டும் இல்லையா? போடவில்லை. 'வருவான்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் கடைசி ரீலை முழுங்கிவிட்டான் என்று நினைத்து, "மிச்சத்தை ஓட்டுறியா, மேல ஏறி வரவா?" என்று கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் "பாவி மட்டை, ராசாவாட்டம் இருந்தானே" என்று மூக்கைச் சிந்தினாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு வாயை அடக்க முடியவில்லை.

"செத்துட்டானா?" என்று கேட்டேன். கோபத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசின முதல் பேச்சு அதுதான். அவருக்கு ஒரே சிரிப்பு.

"சுபம் போட்டாகளா?"

"போடலை."

"அப்ப முடியலைன்னு அர்த்தம். ரெண்டாம் பாகம் எடுப்பாக, அதுல வருவான்."

"அம்புட்டுத் தண்ணியில விழுந்தவன் எப்படி வருவான்?"

"அது படம் எடுக்குறவன் கவலை புள்ள. வருவான்னு எழுதியே காட்டிட்டாகல்ல? நானும் அப்படித்தான். அது வாரதுக்குள்ள நான் வந்துருவேன். சேர்ந்து பாப்போம்."

எங்கள் ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் வாயில் 'போறேன்' என்ற சொல் வரக் கூடாது. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறக் கிளம்பின அன்றைக்கு, அவர் தன் அம்மாவிடம் வாரேன் என்றார், தம்பியிடம் வாரேன் என்றார், கடைசியில் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என்னிடமும் வாரேன் என்றார். பெரிய மாமனார் வீட்டுப் பிள்ளை ஒன்று "சித்தப்பா போறாக" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டது. என் மாமியார் அதன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கடிதங்கள் வந்தன. பிறகு எப்போதாவது வந்தன. பிறகு வரவில்லை. நானும் மாமியாரும் அந்தச் செட்டியார் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அங்கே ஆச்சி நல்ல மாதிரி, உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "கடையைக் குடுத்துட்டு எங்க வீட்டு ஆளுக திரும்பி வந்தாச்சே. உங்க மகன் அதுக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டு எங்குட்டோ போயிட்டாகளாம். எங்களுக்கும் தாக்கல் தகவல் இல்லை" என்றார். மாமியார் காப்பியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஓடின வருஷங்களை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், சொன்னால் சிரிப்பீர்கள், அந்தத் தொப்பிக்காரனை வைத்துத்தான் தள்ளினேன். காரைக்குடியில் இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தால் அவன் எப்படிப் பிழைத்திருப்பான் என்ற பேச்சுத்தான். என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, பஸ் கம்பெனியில் கண்டக்டர். பஸ்ஸில் கேட்ட வாதத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவான். பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான் என்பான் ஒருத்தன், குதித்தது அவனே இல்லை, வேறு ஆள் என்பான் இன்னொருத்தன். மீன் பிடிக்கிறவர்கள் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தார்கள், ஆனால் அவனுக்குப் பழசெல்லாம் மறந்துபோனது என்று ஒரு வாத்தியார் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு அப்படியும் இருக்குமே என்று தோன்றிற்று. கொழுந்தன் தொப்பிக்காரனைப் பற்றிப் பேசுவான், நான் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வேன். மாமியார் ஒரு மூலையில் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சினிமா என்றால் எட்டிக்காய், காதிலேயே வாங்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தார்கள். ஆத்தங்குடிப் பக்கம், நல்ல குடும்பம். பேச்சு முடிகிற நேரத்தில் பெண் வீட்டார் ஒன்று கேட்டார்கள். "மூத்த மருமக கழுத்துல தாலி கெடக்கு, சரி. ஆளு இருக்காகளா இல்லையா? அந்தப் புள்ள ஆலாத்தி எடுக்கலாமா, கூடாதா? எங்களுக்குத் தெரியணும்ல." கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மாமனார் இல்லாத வீடு, அவருடைய அண்ணன், நான் சொன்ன பெரிய மாமனார்தான் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்கிறவர். ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் போய், என் புருஷனுக்குக் கடலில் காரியம் பண்ணிவிடலாம் என்று அவர் ஒரு பேச்சைப் போட்டு வைத்தார். பேச்சாகத்தான் இருந்தது. காரியம் பண்ணினால் அன்றைக்கே என் தாலியை வாங்கிவிடுவார்கள் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு மத்தியானம் கொழுந்தன் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, கையில் ஒரு நோட்டீஸோடு ஓட்டமும் நடையுமாக வந்தான். வாசலில் இருந்தே சத்தம்.

"மதினி, ரெண்டாம் பாகம் வந்திருச்சு. மொதல்ல உங்களுக்குத்தான், அப்புறந்தான் எனக்கு."

எங்கள் வகையறாவில் பாகம் என்றால் ஒரே அர்த்தம். நிலத்தைப் பிரிப்பது. வீட்டின் அடுத்த கட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய மாமனார் சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டார்.

"எவன்டா பாகம் பிரிச்சது? அண்ணன் இருக்கானா இல்லையான்னு தெரியலை, அதுக்குள்ள அவன் பாகத்தை மதினிக்கு எழுதி வைக்கிறியா? நான் ஒருத்தன் இங்குட்டு உக்காந்திருக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

கொழுந்தனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பெரியப்பா, அது சினிமா" என்றான். கிணற்றடியில் துணி அலசின பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். அவர்களை அடக்க முடியவில்லை, நானும் சிரித்துத் தொலைத்தேன். பெரிய மாமனாரின் முகம் செத்துப்போனது. சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. அந்தப் பய போய்ச் சேந்துட்டான், இங்க சிரிப்பு ஒரு கேடு. இந்த ஆடி அமாவாசைக்குக் காரியம் முடிஞ்சாகணும். அதை முடிச்சாத்தான் இவனுக்குக் கல்யாணம். மறுபேச்சுக் கெடையாது."

சிரிப்பு நின்றது. பேச்சாகக் கிடந்தது முடிவாகிப்போனது. ஒரு சினிமா நோட்டீஸால் என் தாலிக்கு நாள் குறித்தார்கள். யோசித்துச் சொன்னேனா என்றால் இல்லை, வாயில் வந்தது.

"நான் படம் பாத்துட்டு வந்து சொல்றேன் மாமா" என்றேன்.

இதுதான் நான் கெட்டுப்போன கதை. தாலிக்கு நாள் குறிக்கையில் படம் பார்க்கக் கிளம்பினவள் என்று பெரிய மாமனார் ஊரெல்லாம் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எனக்கு அந்த நேரம் உலகத்தில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தண்ணீரில் விழுந்தவன் எப்படித் திரும்பி வந்தான்? மாமியார் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகனிடம் "கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். கொட்டகையில் நிற்க இடமில்லை. வெக்கையில் கைப்பிள்ளைகள் அழுதன, ஒருத்தியும் எழுந்து வெளியே போகவில்லை. படம் தொடங்கி வெகுநேரம் அவனைக் காட்டவில்லை. எதிரிகள் அவன் செத்துவிட்டான் என்று விருந்து வைத்துக் குடிக்கிறார்கள். அணைக்குக் கீழே மறுபடியும் குண்டு வைக்கிறார்கள். அப்புறம் ஒரு இருட்டு வழியில் பூட்ஸ் சத்தம். பூட்ஸைக் காட்டினார்கள், கோட்டைக் காட்டினார்கள், பின்பக்கமாகத் தொப்பியைக் காட்டினார்கள். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விசில். அந்த விசில்களுக்குள் நான் ஒரு விசிலைத் தேடினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான்.

அவன் திரும்பினான். வேறு ஆள்.

விசில் அப்படியே நின்றுபோனது. "யார்றா இவன்?" என்று ஒரு குரல், பிறகு ஒரே களேபரம். பழைய நடிகருக்கும் படம் எடுத்தவர்களுக்கும் ஏதோ மனஸ்தாபம், அதனால் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். படத்துக்குள் அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். குண்டு வெடித்து முகம் சிதைந்துபோனதாம், டாக்டர்கள் சேர்ந்து புது முகம் வைத்துவிட்டார்களாம். கேட்டுச் சிரித்தார்கள். அதற்குள் அவன் ஒரு சுவரைத் தாண்டிக் குதித்து இரண்டு பேரைச் சுட்டான். தொப்பியைச் சரித்து வைத்துக்கொண்டான். மறுபடியும் விசில் தொடங்கிவிட்டது. சோடா குடித்து முடிக்கிற நேரத்தில், இத்தனை வருஷம் காத்திருந்த சனம் அவனைத் தொப்பிக்காரன் என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

சரி, தண்ணீரில் இருந்து எப்படிக் கரையேறினான்? வில்லன் அதைக் கேட்கிறான். இவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "எனக்கு நீச்சல் தெரியுமே" என்கிறான். தீர்ந்தது. எத்தனை டீக்கடையில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, இதற்கு இவ்வளவுதான் பதில். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றித் திரையில் எறிந்திருப்பேன். சுற்றிப் பார்த்தால் எல்லார் முகத்திலும் சந்தோஷம். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எப்படி வந்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, அது இவர்களுக்கு வேண்டியதே இல்லை. வந்தால் போதும். தொப்பி அதே தொப்பியாக இருந்தால் உள்ளே தலை எதுவாகவும் இருக்கலாம். எனக்கு அப்படி முடியவில்லை. எனக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

இந்தத் தடவை 'சுபம்' போட்டார்கள். வெளியே கொழுந்தன் என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். "ஏமாத்திட்டாய்ங்க மதினி" என்றான். பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிழிக்க வேண்டாம் என்று சிநேகிதனிடம் சொல்லிவிட்டு, ஊர் வரும்வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

ரோட்டில் இறங்கினால், மாமியார் புளியமரத்தடியில் நிற்கிறாள். வீட்டில் இருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். கொழுந்தன் பதறிப்போய் "என்னாத்தா?" என்றான். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"வந்தானா?"

"யாரு அத்தை?"

"அந்தத் தொப்பிக்காரப் பய."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உளுந்து புடைத்த சத்தத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள். தூணைப் பிடித்ததையும், மீன் பிடிக்கிறவர்கள் தூக்கினதையும், பழசு மறந்துபோனதையும். அவளும் தனக்கு வேண்டியதை எடுத்து வைத்திருக்கிறாள்.

"வந்துட்டான் அத்தை" என்றேன்.

"தண்ணியில விழுந்தவன் எப்படி வந்தானாம்?"

"நீச்சல் தெரியுமாம்."

மாமியார் அந்தப் புளியமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "எம் மகனுக்கும் தெரியும். நம்ம ஊருணியில அக்கரைக்கும் இக்கரைக்கும் மூச்சு வாங்காமப் போவான்" என்றாள். முகம் மாறிப்போனதை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவளே அடுத்த கட்டுக்குப் போனாள். பெரிய மாமனாருக்கு எதிரே நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை. "தேவிபட்டினத்துக்கு யாரும் போக வேணாம். எம் மகனுக்கு நீச்சல் தெரியும். காரியம் கீரியம்னு எவன் பேசுனாலும் நான் ஊருணியில விழுந்துருவேன், எனக்குப் பண்ணுங்க" என்றாள். நீச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சும் எழவில்லை. கொழுந்தனும், மதினி ஆலாத்தி எடுக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டான். எடுத்தேன். தாலி கழுத்தில்தான் இருந்தது.

அவர் வந்தார்.

எழுபதுகள் முடிகிற சமயம். சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பேண்ட் போட்டு, கறுப்புக் கண்ணாடி வைத்து, முன்வழுக்கையோடு கனத்துப்போன ஒரு ஆள் இறங்கினார். நான் யாரோ என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மாமியார்தான் கிட்டே போய் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். ஊரே கூடிவிட்டது. எப்படி, ஏது, எங்கே இருந்தீக என்று கேட்டார்கள். "அங்குட்டு ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன், காயிதம் போட முடியலை" என்றார். அவ்வளவுதான். சனம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கியது. கம்பளி, தைலம், டார்ச் லைட். பெரிய மாமனார் தனக்கு வந்த புதுச் சட்டையை அப்போதே போட்டுக்கொண்டு, "வருவான்னு நான் சொன்னேன்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்குக் கொட்டகைக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது.

என்னிடம்தான் முதலில் தனியாகச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அங்கே வீடு வாசல் இருக்கிறதாம், பிள்ளைகள் இருக்கிறார்களாம். ஆத்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாராம். கேட்டுக்கொண்டு நின்றேன். செத்திருந்தால்கூட ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பேன். கடலில் பண்ணாத காரியத்துக்காக நானும் அந்தக் கிழவியும் அன்றைக்குப் பட்ட பாட்டை நினைத்தேன். மாமியாரிடமும் அன்று சாயங்காலமே அவர் சொல்லிவிட்டார். அவள் அதற்குப் பிறகு அவர் முகத்தைத் தடவவில்லை.

கிளம்புகிற அன்று டாக்ஸி வந்து நின்றது. வழியனுப்ப வாசல் நிறைய ஆள். பெரியப்பாவிடம் "வாரேன்" என்றார். தம்பியிடம் "வாரேன்டா" என்றார். கொழுந்தன் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்து நடந்துவிட்டான். கடைசியில் உள்ளே வந்து, அதே அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அந்தச் சொல்லு வேணாம்" என்றேன். "போறேன்னு சொல்லுங்க."

பின்னால் நின்ற பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்னத்தா இது, பயணம் கெளம்புற மனுசனைப் போயி" என்று பெரிய மாமனார் வாசலில் இருந்து சத்தம் போட்டார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் உளுந்து புடைக்கிற அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"அவ கேக்குறதைச் சொல்லிட்டுப் போடா" என்றாள்.

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதில் விழவில்லை என்றேன்.

"போறேன்" என்றார்.